மூன்றடி ஆழத்தில் மணிச்சத்து

அளவு மோசமாக வந்திருந்தால் ஓவியா பயந்திருக்க மாட்டாள். நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை.

ஊராட்சித் தலைவர் அஸ்வின் காலையிலேயே வீடு தேடி வந்துவிட்டார். அந்தப் பெயரை வைத்தபோது அவருடைய அம்மா ஒரு சின்னப் பையனைத்தான் நினைத்திருப்பாள். தலை வெளுத்து, முட்டி தேய்ந்து, கைத்தடி வந்த பிறகும் பெயர் மட்டும் டவுசர் போட்டுக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார்.

"உங்க வயலப் பத்திதான் திருச்சியில பேச்சாம் ஓவியா. நாளைக்கு மண் வாரியத்துலேர்ந்து ஆள் வருது. மொத்தம் அறுநூத்திப் பதினாலு ஊரு. அதுல நம்ம நொச்சிக்கரை ஒண்ணுலதான் அடிமண்ணுல மணிச்சத்து ஏறியிருக்குதாம். அதுவும் உங்க வயல்ல நட்டிருக்கிற அளவுக் கம்பியில."

"எங்க கம்பியிலயா?"

"ஆமாங்கறேன். எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டுப் படிச்சிக்கிட்டுப் போக வர்றாங்க. நல்ல பொடவையாக் கட்டிக்க."

அவர் போனதும் ஓவியா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். புருஷன் லோகேஷ் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கம்பிக்கு ஒரு முழம் தள்ளி, மூன்றடி ஆழத்தில், அவர்களுடைய நாற்பத்தொரு நாள் பெண் குழந்தை கிடந்தது.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் மண்ணைக் கீறுவது குற்றமாகிப் பத்து வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் வந்த பஞ்சத்தில் உழுது போட்ட புழுதியெல்லாம் காற்றோடு போனது. மிச்சத்தை ஒரே ஒரு பெருமழை ஓடைக்குள் இறக்கியது. அப்போதுதான் சட்டம் வந்தது. இனி உழவு கிடையாது. விதையை நாலு விரல் ஆழத்துக்கு மேல் ஊன்றக் கூடாது. மக்காச்சோளக் கதிரை ஒடித்துக்கொள்ளலாம், ஆனால் தட்டையும் தோகையும் வயலிலேயே பாயாகக் கிடந்து மக்க வேண்டும். ஊர் ஊராகக் கலப்பைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எவனாவது ஒருவன் மண்ணைக் கீறினால் ஊர் முழுவதற்கும் தண்ணீர்க் குழாயை ஒரு வருடம் மூடினார்கள். அதனால் வாரியம் காவலுக்கு ஆள் வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் போதும்.

பொய் சொல்லக் கூடாது, மண்ணும் தேறத்தான் செய்தது. ஓடைக்குப் போன மழை வயலிலேயே உள்ளிறங்கியது. மண்புழு திரும்பி வந்தது. முதல் மூன்று வருடம் பயிர் வெளுத்துப்போய் ஊரே வாரியத்தைத் திட்டியது. நாலாம் வருடம் இலை கறுத்து வந்ததும் திட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நல்ல சட்டம்தான். மனிதர்களுக்கு மண்ணுக்குள் வேறு வேலையும் உண்டு என்பதை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சுடுகாடும் இடுகாடும் சட்டத்துக்குள் வந்துவிட்டன. யார் செத்தாலும் பெரம்பலூர் உலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவர்களை எரிப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பல் முளைக்காத பிள்ளையை நெருப்பில் வைக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்தச் சாதிக்கும் கிடையாது. போன வருடம் பங்குனியில் காய்ச்சல் கண்டு குழந்தை போனபோது ஓவியா அழவில்லை. "நெருப்புல வெக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

லோகேஷ் ஒரு துணியில் கதிர்களைச் சுற்றிப் பிள்ளை மாதிரி மூட்டை கட்டிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனான். உலைக்காரன் மூட்டையை வாங்கி எடை பார்ப்பதுபோல ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தான். பிரித்துப் பார்க்காமல் உள்ளே தள்ளிவிட்டுச் சீட்டு கொடுத்தான்.

உச்சி வெயிலில், வயல்களுக்கு மேலே சுற்றி வேவு பார்க்கிற வாரியத்து இயந்திரப் பறவை மின்சாரம் ஏற்றிக்கொள்ளப் போகிற ஒரு மணி நேரத்தில், இருவரும் வயலுக்குப் போனார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஓவியாதான். ஒவ்வொரு வயலிலும் ஒரு கம்பி நட்டிருந்தது. நாலடி ஆழத்துக்குள் இறங்கி, எந்த ஆழத்தில் என்ன சத்து என்று தினமும் திருச்சிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி நாலு முழத்துக்கு இயந்திரமும் வரக் கூடாது, ஆளும் மிதிக்கக் கூடாது. தன் பிள்ளையை யாரும் மிதிக்காத இடம் வயலில் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கம்பி என்னவெல்லாம் பார்க்கும் என்று அந்த நேரத்தில் எந்தத் தாய்க்குத் தோன்றும்.

லோகேஷ் தட்டைப் பாயைச் சுருட்டி ஒதுக்கினான். கடப்பாரையால் தோண்டினான். அவள் வழக்கப்படி மஞ்சளும் மூன்று படி உப்பும் போட்டாள். மண்ணைத் தள்ளி, தட்டையை முன்பு இருந்தபடியே விரித்துவிட்டு, பறவை வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வாரியத்திலிருந்து வந்தவள் பெயர் சம்யுக்தா. முப்பது வயதிருக்கும். மண் படிந்த கால்சட்டை, தோளில் ஆளுயர இரும்புக் குழாய். அதிகாரம் பண்ணத் தெரியாத அதிகாரி. அஸ்வின் கொண்டுவந்த மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நெனப்பீங்க" என்று வயலுக்கு நடந்துகொண்டே ஓவியாவிடம் சொன்னாள். "உழுதப்ப மேல உள்ளது கீழ போகும், கீழ உள்ளது மேல வரும். இப்ப பெரட்டிப் போட ஆளில்ல. தட்டையும் மேலயே மக்குது, உரமும் மேலயே விழுது. தழைச்சத்தாவது தண்ணியோட கொஞ்சம் எறங்கும். மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், நகராதுங்க. போட்ட எடத்துலயே குந்திக்கும். அதனால எல்லா ஊர்லயும் மேல நாலு விரலுக்குச் சாப்பாடு கொட்டிக் கெடக்கு, அடியில ஒண்ணுமே இல்ல."

"அதான் பயிர் நல்லா வருதே மேடம்" என்றான் லோகேஷ்.

"மழை இருக்கிற வரைக்கும் வரும். பத்து நாள் தவறிச்சின்னா மேல்மண்ணு காஞ்சிடும். வேரு தண்ணியத் தேடிக் கீழ போகும். அங்க போயிப் பட்டினி கெடக்கும். இன்னும் அஞ்சு வருஷத்துல இந்த ஜில்லாவே அப்படித்தான் விழப்போவுது. அதுக்கு வழி தெரியாம முழிச்சிக்கிட்டிருக்கோம். அப்பதான் உங்க கம்பி மூணடியில மணிச்சத்து காட்டுது." அவள் சிரித்தாள். "சாமி வந்த மாதிரி இருந்திச்சி எங்களுக்கு."

கம்பியருகே போனதும் குழாயைத் தோளிலிருந்து இறக்கினாள். எங்கே நிறுத்துவது என்று காலால் அளந்தாள். அவள் கால் போய் நின்றது குழந்தை கிடந்த இடத்துக்கு நேர் மேலே. லோகேஷ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாலடிக்கு ஒரு குழாய் மண்ணு எடுத்துக்கறேன். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, இந்த மூலையில மட்டும் என்ன வித்தியாசமாச் செஞ்சீங்க?"

"கதிர ஒடிக்கலீங்க" என்றாள் ஓவியா. உண்மைதான். அந்த மூலையில் விளைந்ததைத் தின்ன அவளால் முடியவில்லை. "தட்டை, கதிரு எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டோம்."

"ஏன்?"

"சும்மாதாங்க."

சம்யுக்தா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கம்பியின் தலையில் கைக்கருவியைச் செருகி, வரிசையாக வந்த எண்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி மேலே போய்க் கீழே வந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனதென்று ஓவியா கவனிக்கவில்லை, போயிருந்தது.

"தலைவரே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? அண்ணே, நீங்களும் போயிட்டு வாங்க."

அஸ்வினும் லோகேஷும் வரப்பு தாண்டியதும் சம்யுக்தா சொன்னாள். "மணிச்சத்து மட்டும்னா எலும்புத்தூள் போட்டாங்கன்னு நெனச்சிருப்பேன். அதோட மூணடியில உப்பு இருக்கு. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. விவசாயி எவனும் வயல்ல உப்பு கொட்டமாட்டான்." குரல் இறங்கியது. "நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். எத்தனை மாசம்?"

பொய் சொல்லலாம் என்று ஓவியா நினைத்தாள். வாய் அதற்குள் திறந்துகொண்டது. "நாப்பத்தொரு நாளு."

சம்யுக்தா குழாயைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். ஓவியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குத் தண்ணீர் நின்றுபோகும் என்பதோ, தங்களை ஜெயிலில் போடுவார்கள் என்பதோ அப்போது அவள் நினைப்பில் இல்லை. "தோண்டிடாதீங்க மேடம். தோண்டுனா உலையிலதான வெப்பீங்க. அது ஒண்ணு மட்டும் வேணாம். வேற என்ன வேணா பண்ணுங்க."

"தொடமாட்டேன்" என்றாள் சம்யுக்தா. மறுபடியும் சொன்னாள். "நான் இருக்கிற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன்."

பத்தடி தள்ளிக் குழாயை இறக்கி மண் எடுத்தாள். புறப்படும்போது அஸ்வினுக்குக் கேட்கிற மாதிரி, "கதிரோட விட்டதாலதான்னு எழுதிக்கறேன்" என்றாள். ஓவியாவிடம் மெதுவாக, "அது முழுப் பொய்யும் இல்ல பாருங்க" என்றாள். அன்றைக்கு ஓவியா அவளைத் தெய்வமாகவே நினைத்தாள். இரக்கப்பட்டுச் சொன்ன பொய்தான். பொய் யாருடைய கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அது வாரியத்தின் கைக்குப் போனது. ஆனி மாதம் சுற்றறிக்கை வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நொச்சிக்கரை முறை'. இனி ஒவ்வொரு வயலிலும் மூன்றில் ஒரு பங்குப் பயிரைக் கதிரோடு விட வேண்டும். ஒரு கதிரை ஒடித்தாலும் மண்ணைக் கீறியதற்கு உண்டான அதே தண்டனை. அஸ்வினை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

நெல் அற்றுப்போன நாளிலிருந்து அந்தச் சீமைக்குச் சோறும் மக்காச்சோளம்தான், ரேஷனில் போடுகிற மாவும் மக்காச்சோளம்தான். மூன்றில் ஒரு பங்கு என்பது தாளில் சின்னதாகத் தெரிந்தது. தை அறுவடைக்குப் பிறகு ரேஷன் பாதியானது. சித்திரையில் அதிலும் பாதி. மக்கள் தங்கள் வரப்பில் நின்று, தாங்கள் விதைத்த கதிர் தட்டைக்குள் கிடந்து பூசணம் பூப்பதைப் பார்த்தார்கள். எலிகள் கொழுத்தன. எலிக்குச் சட்டம் இல்லை. இரண்டாம் வருடம் மழையும் பாதியில் நின்றபோது வாரியம் பங்கைக் குறைக்கவில்லை. முறை வேரூன்ற நாளாகும் என்று அறிவித்தது.

ஓவியா சுற்றறிக்கையைப் படித்த அன்றைக்கே லோகேஷிடம் சொன்னாள். "கதிர விட்டதால ஒண்ணும் ஏறலைன்னு நமக்குத் தெரியுமில்லங்க."

"தெரியும்."

"சொல்லிட்டா நிறுத்திடுவாங்கல்ல."

"சொன்னா எப்படி ஏறிச்சின்னு கேப்பாங்க. வந்து தோண்டுவாங்க. உன்னால பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

அவளால் முடியாது. அதனால் சொல்லவில்லை. அதற்காக அவளை யார் என்ன சொல்வது? ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள், அப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது.

இரண்டு வீடு தள்ளியிருந்த கீர்த்தனாவுக்கு இருபத்தி நாலு வயது. கைக்குழந்தை ஏழு மாதம், ஆனால் நாலு மாதப் பிள்ளை எடைதான் இருக்கும். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. ஒருநாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"மாவு இருந்தா குடுங்கக்கா. கஞ்சியாக் காச்சி ஊத்திப் பாக்கறேன்."

ஓவியா வீட்டில் இருந்ததில் பாதியைக் கொடுத்தாள். கீர்த்தனா போகும்போது திரும்பி, "கதிர மண்ணுல போட்டா மெய்யாவே சத்து ஏறுதாக்கா? உங்க வயல்ல ஏறிச்சில்ல?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் அல்ல. தெரிந்துகொண்டால் ஆறுதலாக இருக்கும் என்கிற குரல். ஓவியா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினோராம் நாள் அந்தக் குழந்தை போய்விட்டது. கீர்த்தனாவின் புருஷன் மூட்டையோடு பெரம்பலூருக்குப் போய்ச் சீட்டோடு திரும்பினான். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஓவியா வரப்பில் வந்துகொண்டிருந்தபோது கீர்த்தனா தன் சொந்த வயலுக்குள் கம்பியருகே குனிந்து நிற்பதைப் பார்த்தாள். கையில் சின்னச் சொம்பு. பாலைத் தட்டையின்மேல் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அவளால் அந்தப் பிள்ளைக்கு வாங்கித் தர முடியாத பால்.

ஓவியா ஒளிந்துகொள்ளவில்லை. கீர்த்தனாவும் அவளைப் பார்த்தாள். பயந்துபோய்ச் சொம்பைப் பின்னால் மறைத்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் ஓவியா. சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்கு வந்தாள். இதைச் செய்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை எந்தப் பக்கம் தள்ளினாலும் நகரவில்லை. மறுநாள் காலை பேருந்தில் திருச்சிக்குப் புறப்பட்டாள். லோகேஷ் தடுக்கவில்லை, நிறுத்தம்வரை கூட வந்தான்.

வாரியத்தில் சம்யுக்தாவுக்கு இப்போது தனி அறை இருந்தது, கதவில் பெயர்ப் பலகையும் இருந்தது. நொச்சிக்கரை முறையைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த பதவி. ஓவியாவைக் கண்டதும் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். இரண்டு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தாள்.

"எழுதிக்கங்க மேடம்" என்றாள் ஓவியா, உட்காராமலே. "கதிருனால ஏறல. என் புள்ளையால ஏறிச்சி. வந்து தோண்டிப் பாத்துக்கட்டும். நான் கூடவே நிக்கறேன். உலையில வெச்சாலும் வெச்சிக்கட்டும். இந்த மொறைய மட்டும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஊர்ல புள்ளைங்க சாவுது."

சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது.

சம்யுக்தா சுவரிலிருந்த திரையில் வரைபடத்தை ஒளிரவிட்டாள். அறுநூற்றுப் பதினான்கு ஊரும் அதில் இருந்தன. இடையிடையே பச்சைப் புள்ளிகள்.

"பச்சையா இருக்கறதெல்லாம் அடிமண்ணுல மணிச்சத்து ஏறின எடம்."

ஓவியா படத்தருகே போனாள். "இத்தன எடத்துலயா? அப்ப கதிர விட்டா மெய்யாவே ஏறுதா?" ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வந்தது. தான் யாரையும் கொல்லவில்லை என்ற நம்பிக்கை.

சம்யுக்தா ஒரு புள்ளியைத் தொட்டாள். எண்கள் விரிந்தன. இன்னொன்றைத் தொட்டாள், இன்னொன்றை. "எல்லாமே கம்பிக்கு ஒரு முழம் ரெண்டு முழம் தள்ளி. எல்லாமே மூணடி. எல்லாத்துலயும் உப்பு."

யாரும் மிதிக்காத இடத்தை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு தாயும் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

"எத்தனை?"

"நேத்து வரைக்கும் நூத்தி எம்பத்தி ரெண்டு."

ஓவியா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தெரிஞ்சும் ஏன் மேடம் சொல்லாம இருந்தீங்க?"

"மூணாவது புள்ளி வர்ற வரைக்கும் சொல்லல. சொன்னா ஒங்க வயல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வாக்கு குடுத்தேனில்ல." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நாலாவது வந்தப்ப தாங்கல. மேலதிகாரிங்ககிட்ட போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன். உப்பு, மூணடி, ஒங்க புள்ள, எல்லாம்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் படத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், பத்து வருஷமா ஏறாதது இப்பதான் ஏறுது, அது எதால ஏறுனா என்ன, இந்த நேரத்துல எதையும் மாத்த வேணாம்னாங்க."

ஓவியாவுக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அழுகை வரவில்லை. எழுந்து மேசைக்கு வந்தாள். "அப்ப நான் வெளிய போயிச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் என் கையால தோண்டிக் காட்டறேன். அப்பவும் நம்பமாட்டாங்களா?"

"பச்சைப் புள்ளி இருக்கிற எடத்துக்குக் காவல் போட்டுட்டாங்க ஓவியா. காலையில ஒங்க ஊருக்குப் போயிட்டாங்க. வேலி கட்டுறாங்க. இனிமே அந்த எடத்துல யாரும் கை வெக்க முடியாது. நீங்களும் முடியாது, நானும் முடியாது. எத்தனை வருஷமானாலும் தோண்டக் கூடாதுன்னு உத்தரவு."

ஓவியா பேருந்து நிலையம்வரை நடந்தே வந்தாள். ஊருக்குப் போகிற வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தன் பிள்ளையை யாரும் எப்போதும் தோண்டக் கூடாது என்றுதான் அவள் இத்தனை வருடமாகத் தினமும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.